தண்ணீர் மெதுவாக வரவேண்டும்

1. யானை மிதந்த வீடியோ

வெள்ளக் காட்சி ஒன்று செய்ய ஏஐ மென்பொருளுக்கு நான் எழுதிக் கொடுத்த முதல் ப்ராம்ப்ட், அதாவது கட்டளை, இது: "சென்னைப் புறநகரில் பயங்கரமான வெள்ளம், மக்கள் பதற்றத்தில் ஓடுகிறார்கள்." கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ஒரு வீடியோவைக் கொடுத்தது. தென்னை மரங்களுக்குப் பின்னால் கடல் எழுந்து நின்றது. ஒரு கோபுரம் இடிந்து விழுந்தது. ஓடிய ஆண்கள் அனைவரும் தலைப்பாகை கட்டியிருந்தார்கள். தெரு நடுவில் ஒரு யானை மிதந்து போனது. மொத்த வீடியோவிலும் பதறாமல் இருந்தது அது மட்டும்தான்.

முடிச்சூரில் யானை இல்லை. கடலும் இல்லை. நான் கேட்டது முடிச்சூரில் ஒரு குடியிருப்புத் தெருவுக்குள் தண்ணீர் வருகிற காட்சி.

என் பெயர் ஷமீமா. சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் எடிட்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கேசட்டில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிய காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஏஐ வீடியோ வந்த பிறகு துணிக்கடை, டியூஷன் சென்டர், பல் மருத்துவர் என்று விளம்பரங்களும் செய்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் "மேடம், நல்ல ப்ராம்ப்ட் எப்படி எழுதுவது?" என்று கேட்கிறார்கள். பத்துக் குறிப்புகளாகப் போட்டுக் கொடுத்தால் அவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். எனக்கு அப்படித் தெரியவரவில்லை. ஒரே ஒரு வீடியோ செய்தபோதுதான் முக்கால்வாசி தெரிந்தது. மீதி அந்த வீடியோ வெளியே போன பிறகு தெரிந்தது.

2. தத்ரூபமாக

அந்த வேலையைக் கொண்டுவந்தவர் கோதண்டராமன். முடிச்சூரில் ஒரு நகரின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். இன்ஷூரன்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் முன்கூட்டியே சொல்லி எச்சரிப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது, கேட்பவர்களுக்கும் கேட்காமல் இருப்பது பழக்கமாகிவிட்டது. 2015 வெள்ளத்தில் அந்த நகரின் தரைத்தளம் முழுவதும் மூழ்கியது. அப்போது இருந்த பலர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். வாங்கி வந்தவர்களுக்கு வெள்ளம் ஒரு பழைய செய்தி. ஐப்பசி, கார்த்திகையில் காரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்துங்கள், வயதானவர்களை மாடிக்கு மாற்ற ஏற்பாடு செய்து வையுங்கள் என்று செயலாளர் வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் போட்டால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

"படிக்க மாட்டேங்கிறாங்க மேடம். பாத்தா நம்புவாங்க. நம்ம தெருவுக்குள்ள தண்ணி வர்ற மாதிரியே தத்ரூபமா ஒரு வீடியோ பண்ணிக் குடுங்க" என்றார்.

தத்ரூபம் என்ற சொல்லை அவர் அன்று பல முறை சொன்னார். நானும் சரி என்றேன். யானையைப் பார்த்தது அதற்கு மறுநாள்.

முதலில் எனக்குத் தோன்றியது, எனக்கு ஆங்கிலம் போதவில்லை என்பது. ப்ராம்ப்டை ஆங்கிலத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தேன். "படியில் தண்ணி ஏறுது" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டேன். தண்ணீர் படியில் ஏறியது. ஒவ்வொரு படியாக ஏறி, திருப்பத்தில் திரும்பி, மாடிக்குப் போனது. நான் சொன்னதைத்தான் செய்திருந்தது. குறை சொல்ல முடியவில்லை.

அடுத்து "பெரிய அலைகள் வேண்டாம்" என்று சேர்த்தேன். அலைகள் கூடின. "யானை வேண்டாம்" என்று எழுதியதில் யானைகள் இரண்டாகின. அப்போதுதான் ஒன்று புரிந்தது. வேண்டாம் என்று சொல்வதற்காக நாம் உச்சரிக்கிற பொருளை அது பிடித்துக்கொள்கிறது. வேண்டாததைச் சொல்லக் கூடாது. வேண்டியதை மட்டும் சொல்ல வேண்டும். அலை வேண்டாம் என்றால் தட்டையான நீர் என்று எழுத வேண்டும்.

கல்யாணத்துக்குப் புதிதாக ஒரு கேமராமேனை அனுப்பும்போது "உணர்ச்சிகரமா எடுப்பா" என்று சொன்னால் அவன் மேளக்காரரின் கன்னத்தை எடுத்துக்கொண்டு வருவான். "தாலி கட்டும்போது பொண்ணோட அம்மா முகத்துல நில்லு, கேமராவை ஆட்டாதே" என்றால் உணர்ச்சி தானாக வந்துவிடும். இந்த மென்பொருளும் அப்படிப்பட்ட ஒரு கேமராமேன்தான். கெட்டிக்காரன், ஆனால் நம் ஊருக்கு வந்ததே இல்லை. பயங்கரம், பதற்றம், சோகம் என்று எழுதினால் உலகத்தில் பார்த்த எல்லாப் பயங்கரத்தையும் கலந்து கொடுப்பான். கேமரா எங்கே நிற்கிறது, என்ன உயரம், எதிரில் என்ன அசைகிறது, எவ்வளவு வேகம், வெளிச்சம் எப்படி என்று சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு எனக்கே அது தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. 2015இல் எங்கள் ஸ்டுடியோ மாடியில் இருந்தது. நான் வெள்ளத்தை மேலிருந்துதான் பார்த்தேன்.

3. விமலாக்கா சொன்னது

செயலாளர் என்னைத் தன் தெருவில் இருக்கும் விமலாக்காவிடம் அழைத்துப் போனார். தரைத்தள வீடு. வெள்ளத்துக்குப் பிறகும் விற்காமல் இருந்துவிட்ட சிலரில் ஒருவர். கணவர் ராமமூர்த்தி சார், வெள்ளத்துக்குச் சில வருடம் கழித்து வந்த பக்கவாதத்தில் படுத்திருந்தார். வலது பக்கம் அசைவில்லை, பேச்சும் சரியாக வராது. ஆனால் நடப்பதெல்லாம் தெரியும். நான் பேசிக்கொண்டிருந்தபோது கட்டிலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளம் எப்படி வந்தது என்று கேட்டேன். எவ்வளவு கஷ்டப்பட்டோம் என்று விமலாக்கா சொல்லத் தொடங்கினார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கஷ்டம் இல்லை, தண்ணீர் வந்த விதம் வேண்டும் என்றேன். அவர் சற்று யோசித்தார். அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது.

"சத்தமே இல்லம்மா" என்றார். "அலையும் இல்ல ஒண்ணும் இல்ல. தெருக்கோடில சும்மா பளபளன்னு தெரிஞ்சுது. மழைத் தண்ணிதான்னு நெனச்சேன். வாசல் தெளிச்சா ஓடும் பாருங்க, அது மாதிரி மெதுவா வந்துச்சு. பால் ஊத்தின டீ கலரு. உள்ள போயி கேஸ் அடுப்ப மூடிட்டு வரேன், செருப்பு மிதக்குது."

அப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"என்ன செய்யறது. மாடிக்குப் போயி நின்னு பாத்தேன்."

ஸ்டுடியோவுக்குத் திரும்பி வந்து எழுதினேன். தமிழில் சொன்னால் அந்த ப்ராம்ப்ட் இப்படி இருந்தது:

"மேகமூட்டமான காலை, வெயில் இல்லாத சமமான வெளிச்சம். இரண்டு பக்கமும் மாடி வீடுகள் உள்ள குறுகிய சிமெண்ட் தெரு, மூலையில் ஒரு சிறிய மளிகைக் கடை. கேமரா ஒரு வீட்டு வாசற்படியில், முழங்கால் உயரத்தில், அசையாமல் இருக்கிறது. தெருக்கோடியிலிருந்து பால் சேர்த்த டீ நிறத்தில் தட்டையான நீர், நடக்கிறவரைவிட மெதுவாக, தரையோடு பரவி வருகிறது. ஒரு ஜோடி ரப்பர் செருப்பு மிதந்து திரும்புகிறது. நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டரின் சக்கரம் பாதி மறைகிறது. எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண் சும்மா நின்று பார்க்கிறாள்."

இதில் பயங்கரம் என்ற சொல் இல்லை. வெள்ளம் என்ற சொல்லே இல்லை. வந்த வீடியோவைப் பார்த்து நான் நாற்காலியில் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டேன்.

இரண்டு குறைகள் இருந்தன. மளிகைக் கடைப் பலகையில் தமிழ் மாதிரி தெரிகிற, ஆனால் எந்த மொழியும் இல்லாத எழுத்துகள் இருந்தன. மாடியில் நின்ற பெண்ணின் கை கைப்பிடிச் சுவருக்குள் புதைந்திருந்தது. பலகையை எடிட்டிங்கில் துடைத்துவிட்டு "மளிகை" என்று ஒழுங்காக எழுதினேன். கையை மூடுவதற்கு ஒரு துண்டைக் காயப்போட்டேன். கடைசி வரை ஃப்ரேமின் அடியில் "விழிப்புணர்வுக்காகக் கணினியில் உருவாக்கப்பட்டது" என்ற வரி ஓடும்படி வைத்தேன்.

சங்கக் கூட்டத்தில் போட்டுக் காட்டினார்கள். விமலாக்கா பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். செயலாளர் எனக்குச் சால்வை போட்டார். என் தொழில் வாழ்க்கையில் அதுதான் முதல் சால்வை.

4. வெயில் அடித்த நாளில் வெள்ளம்

அந்த வருட மழைக்காலத்தில் இரண்டு நாள் நல்ல மழை பெய்துவிட்டு விட்டிருந்தது. மூன்றாம் நாள் காலை வெயில் அடித்தது. தாம்பரம் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது மீன்காரம்மா தன் ஃபோனை என்னிடம் நீட்டி, முடிச்சூர் முங்கிவிட்டது என்றார். பார்த்தேன். என் தெரு. என் செருப்பு. என் துண்டு.

யாரோ ஃபோனுக்கு ஏற்ற மாதிரி பக்கங்களையும் அடிப்பகுதியையும் வெட்டியிருந்தார்கள். அடியில் ஓடிய வரி வெட்டில் போய்விட்டது. அதற்குப் பதில் மேலே "முடிச்சூர் - சற்று முன்" என்று போட்டிருந்தது. வெட்டியது யார் என்று இன்றுவரை தெரியாது. கெட்ட எண்ணத்தில் செய்திருப்பார்கள் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அந்த வரி பார்க்க இடைஞ்சலாக இருந்திருக்கும்.

மீனை அங்கேயே விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். முடிச்சூர் ரோட்டில் கார்கள் எதிர்ப்பக்கமாக வந்துகொண்டிருந்தன. மேம்பாலத்தின் ஓரம் முழுவதும் கார் நின்றது. தண்ணி கேன் போடும் சேகர் தன் 'குட்டி யானை' மினி லாரியில் யாருடைய ஃபிரிட்ஜையோ ஏற்றிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்து நிறுத்தினார்.

"இன்னா மேடம், அந்தாண்ட போறீங்க? தண்ணி வந்துகினு கீதாம்."

எங்கே வருகிறது, நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"நான் பாக்கல. வீடியோல பாத்தேன்."

தெருவுக்குள் போனபோது சிமெண்ட் காய்ந்து கிடந்தது. விமலாக்கா வீட்டு மாடிப்படியில் கூட்டம். ராமமூர்த்தி சாரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மாடிக்குத் தூக்கியிருக்கிறார்கள். படித் திருப்பத்தில் நாற்காலியின் கால் முறிந்து அவர் கீழே விழுந்துவிட்டார். நல்ல கையாக இருந்த இடது கை மணிக்கட்டில் முறிவு. அவரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். விமலாக்கா என்னைப் பார்த்தார். வண்டியில் ஏறிக்கொண்டார்.

5. நிரூபணம்

மதியம் காவல் நிலையத்தில் இருந்து கூப்பிட்டார்கள். செயலாளரும் கூட வந்தார். வரும் வழியெல்லாம் தான் இவ்வளவு தத்ரூபமாகக் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இன்ஸ்பெக்டர் நிதானமானவர். வதந்தி என்று அறிவிப்பதற்கு முன் அது வதந்திதானா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. இது ஏஐ வீடியோ என்பதற்கு என்ன அடையாளம் என்று கேட்டார். சாதாரணமாக இதற்குப் பதில் சொல்வது சுலபம். கடைப் பலகை எழுத்தைப் பாருங்கள், கை விரலைப் பாருங்கள் என்று காட்டலாம். பலகையில் அழகாக மளிகை என்று இருந்தது. கை இருந்த இடத்தில் துண்டு இருந்தது. அடையாளம் எல்லாவற்றையும் நானே உட்கார்ந்து அழித்திருந்தேன்.

லேப்டாப்பைத் திறந்து ப்ராம்ப்டைக் காட்டினேன். அவர் ஆங்கிலத்தில் இருந்ததை மெதுவாக, வரி வரியாகப் படித்தார். பிறகு வீடியோவை ஓடவிட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். செருப்பு இருந்தது. ஸ்கூட்டர் இருந்தது.

"மாடில ஒரு பொண்ணு சும்மா நின்னு பாக்குறான்னு போட்டிருக்கீங்க. தண்ணி வருது, அவ ஏன் சும்மா நிக்கிறா?"

"நேர்ல பாத்தவங்க அப்படித்தான் சொன்னாங்க சார்."

அவர் தலையாட்டினார். அதே ப்ராம்ப்டை இப்போது என் முன்னால் ஓட்டுங்கள் என்றார். ஓட்டினேன். அதே தெரு மாதிரி வேறு தெரு வந்தது. அதே தண்ணீர். இந்த முறை ஒரு ஜோடிக்கு மூன்று செருப்பு. மாடிப் பெண் மறுபடியும் சுவருக்குள் கையைவிட்டு நின்றாள். இன்ஸ்பெக்டருக்குத் திருப்தியாகிவிட்டது. நிலையத்தின் சார்பில் மறுப்புச் செய்தி போனது. மறுப்பை வீடியோ அளவுக்கு யாரும் பகிரவில்லை.

கிளம்பும்போது ஹெல்மெட் விழிப்புணர்வுக்கு இதுபோல ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். கொஞ்சம் தத்ரூபம் குறைவாக இருக்கட்டும் என்றார்.

ராமமூர்த்தி சார் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கப் போனேன். பழம் வாங்கிப் போயிருந்தேன். விமலாக்கா காபி கொடுத்தார்.

"உங்க மேல கோவம் இல்லம்மா. வெட்டி அனுப்புனவன் எவனோ. ஆனா இனிமே தண்ணி வருதுன்னு யார் வந்து சொன்னாலும் இவரத் தூக்க மாட்டேன். ஒரு தடவ தூக்கினது போதும்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அன்றிலிருந்து நான் நடுத்தூக்கத்தில் எழுந்தும் செல்ஃபோனில் வானிலை பார்க்கும் ஆளாகிவிட்டேன்.

6. நிஜத் தண்ணீர்

கார்த்திகை கடைசியில் மழை விடாமல் பிடித்தது. மேற்கே ஏரிகள் நிரம்பி உபரி நீர் வெளியேறுகிறது, அடையாற்றின் கரையோரம் இருப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று ஒரு காலையில் அறிவிப்பு வந்தது. செயலாளர் அதைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நானும் அந்தக் குழுவில் இருந்தேன். சால்வை போட்ட அன்று சேர்த்தது.

முதல் பதில்: "இதுவும் ஷமீமா மேடம் தயாரிப்பா?" அதற்குப் பல சிரிப்பு முகங்கள். அடுத்து ஒருவர், போன தடவை காரை மேம்பாலத்தில் நிறுத்தப் போய் பம்பர் போனதுதான் மிச்சம் என்று எழுதினார். யாரும் நகரவில்லை.

செயலாளர் எனக்கு ஃபோன் செய்தார். அவர் குரல் இறங்கியிருந்தது. ஆற்றுப் பக்கம் இருக்கும் கடைசித் தெருவில் தண்ணீர் வந்துவிட்டது என்றும், தன்னை யாரும் நம்பவில்லை என்றும் சொன்னார். நீங்கள் வந்து ஒரு நிஜ வீடியோ எடுத்துப் போடுங்கள், நீங்களே சொன்னால் நம்புவார்கள் என்றார். அதில் உள்ள சிக்கல் இரண்டு பேருக்கும் அப்போது தோன்றவில்லை.

ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். கடைசித் தெருவுக்கு முந்தைய தெருவிலேயே ஸ்கூட்டியை நிறுத்த வேண்டியிருந்தது. இறங்கி நடந்தேன். விமலாக்கா சொன்னது அப்படியே இருந்தது. சத்தம் இல்லை. அலை இல்லை. டீ நிறம். ஒரே ஒரு வித்தியாசம், அது குளிர்ந்தது. அது எந்த ப்ராம்ப்டிலும் வராது. முழங்கால் வரை இறங்கி நின்று, ஃபோனைப் பிடித்து, என் முகத்தையும் காட்டி, "நான் ஷமீமா. இது நிஜம். நான் தண்ணிக்குள்ளதான் நிக்கிறேன். எல்லாரும் மாடிக்குப் போங்க" என்று பேசி அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. "தண்ணி கலர் போன தடவையவிட சூப்பர் மேடம்." இன்னொருவர், முகம் கொஞ்சம் செயற்கையாக இருக்கிறது, அடுத்த முறை கவனிக்கவும் என்றார்.

நான் ஃபோனை உறைக்குள் போட்டுவிட்டேன்.

செயலாளர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகக் கதவு தட்டினோம். சேகர் வந்து சேர்ந்துகொண்டார். அவர் தண்ணி கேன் போடுகிறவர் என்பதால் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். நேரில் போய் நின்றால் மக்கள் சிரிக்கவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பின்தெருவில் ஒரு குடும்பம் அப்படிச் சாத்திக்கொண்டு, மறுநாள் படகில் வெளியே வந்தது.

விமலாக்கா கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்துவிட்டு, "வேணாம்மா" என்றார்.

நான் அறிவிப்பைப் பற்றிப் பேசினேன். ஏரி, உபரி நீர் என்றெல்லாம் சொன்னேன். அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. கதவைச் சாத்தப் போனவர் குனிந்தார். என் சுடிதாரின் கால் பகுதி முழங்கால் வரை நனைந்து, சேற்று நிறத்தில் ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தைப் பிடித்துப் பிழிந்தார். கையில் வழிந்ததைப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"எது வரைக்கும் வந்திருக்கு?"

"பக்கத்துத் தெரு வரைக்கும் அக்கா."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "சேகரக் கூப்பிடு" என்றார்.

இந்த முறை நாற்காலி வேண்டாம் என்று சேகர்தான் சொன்னார். கெட்டியான போர்வையை இரண்டாக மடித்து ராமமூர்த்தி சாருக்கு அடியில் விட்டோம். மூலைக்கு ஒருவராகப் பிடித்தோம். சேகரும் மாடி வீட்டுக்காரரும் தலைப் பக்கம், செயலாளரும் நானும் கால் பக்கம். மாவுக்கட்டுப் போட்ட கையை விமலாக்கா பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஏறினார். படித் திருப்பத்தில் எல்லோரும் நின்றோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. போன முறை விழுந்த இடம் அது. "மெதுவா, மெதுவா" என்று செயலாளர் சொன்னார். அவர் அன்று சொன்னதை அனைவரும் கேட்டார்கள்.

மாத்திரைப் பையை எடுக்க நான் கீழே வந்தபோது தண்ணீர் வாசற்படியைத் தாண்டியிருந்தது. பீரோவையும் கட்டிலையும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் தெருவில் யார் உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

7. எதை எழுதுவது, எதை எடுப்பது

அடுத்த மழைக்கு முன் சங்கத்தில் மறுபடியும் ஒரு வீடியோ கேட்டார்கள். தண்ணீர் வருகிற காட்சி செய்ய மாட்டேன் என்றேன். அதை இப்போது யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. விமலாக்கா ஒரு யோசனை சொன்னார். படுத்திருப்பவரை எப்படி மாடிக்குத் தூக்குவது என்று காட்டுங்கள், அதுதான் யாருக்கும் தெரியவில்லை என்றார்.

நான் ஸ்டுடியோவில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். கேமரா எங்கே, வெளிச்சம் எப்படி, போர்வையை எப்படி மடிப்பது, யார் எந்த மூலையைப் பிடிப்பது என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். ப்ராம்ப்டில் குறையே இல்லை. ஆனால் வந்த வீடியோவில் போர்வை கைகளுக்குள் உருகிப் போனது. ஒன்றில் நோயாளி தானாக மிதந்து மேலே போனார். இன்னொன்றில் தூக்குகிறவர்கள் பாதி வழியில் ஆள் மாறினார்கள். பாரம் என்பது அதற்குத் தெரியவில்லை. அது எதையும் தூக்கியதில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உணர்ச்சியை எழுதாதீர்கள், கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள். வேண்டாததைச் சொல்லாதீர்கள். ஒரு ஷாட்டுக்கு ஒரு அசைவு போதும். தெரியாததை எழுதுவதற்கு முன் தெரிந்தவரிடம் போய்க் கேளுங்கள். ஏஐ என்பதைச் சொல்லும் எழுத்தை அடியில் போடாதீர்கள், படத்தின் நடுவில், வெட்டினால் படமே போகிற மாதிரி போடுங்கள். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். கடைசியாக ஒன்று. பார்க்கிறவர் அதை நம்பி ஒரு ஆளைத் தூக்கப் போகிறார் என்றால், ப்ராம்ப்ட் எழுதாதீர்கள். கேமராவை எடுத்துக்கொண்டு போங்கள்.

நாங்கள் கேமராவை எடுத்துக்கொண்டு போனோம். நோயாளியாக யாரைப் படுக்கவைப்பது என்று கேட்டபோது, ராமமூர்த்தி சார் கையை லேசாக உயர்த்தினார். கட்டுப் பிரித்த கை. விமலாக்கா வேண்டாம் என்றார். அவர் கையை இறக்கவில்லை.

அதே படி, அதே ஆட்கள். போர்வையை மடித்து, மூலையைப் பிடித்து, திருப்பத்தில் நின்று, மாடி வரை கொண்டுபோய்ச் சேர்த்தோம். டிரைபாடில் இருந்த கேமரா ஆடவில்லை. ஒரே டேக்கில் முடிந்தது. நல்ல ஷாட் என்று சொல்லிவிட்டு நான் கேமராவை நிறுத்தப் போனேன்.

ராமமூர்த்தி சார் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். தூக்கியதில் ஒரு பக்கம் மேலேறிக் கசங்கியிருந்தது. அதை இடது கையால் மெல்ல இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்து பேச முயன்றதை நான் அன்றுவரை பார்த்ததில்லை. உதடு கோணி, வார்த்தை வருவதற்கு நேரமானது. எல்லோரும் காத்திருந்தோம்.

"ஒன்... மோர்" என்றார்.

மறுபடியும் கீழே கொண்டுபோய், முதலில் இருந்து தூக்கினோம்.